கோட்டம் எடுத்தல்

வளைவு என்ற பொருளில் 'கோட்டம்' என்ற சொல்லை நான் இரண்டு இடங்களில்தான் சந்தித்திருக்கிறேன். ஒன்று சைக்கிள் கடை. மற்றது திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரம். கடையில் 'வீல் கோட்டம் எடுக்கணும்' என்பார்கள். வள்ளுவர், சொல்லில் இருக்கும் கோட்டத்தையும் உள்ளே இருக்கும் கோட்டத்தையும் தனித்தனியாக வைத்து, முன்னது இல்லாதிருக்க வேண்டுமானால் பின்னது இருக்கக்கூடாது என்கிறார். கோட்டத்துக்கு எதிராக அவர் அங்கே நிறுத்தும் சொல் செப்பம். பழுது பார்ப்பதைச் செப்பனிடுதல் என்கிறோமே, அந்தச் செப்பம்தான். நீதிக்கும் ரிப்பேருக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில் இருந்துகொண்டு இரண்டையும் சேர்த்து யோசிக்காமலிருப்பது விசித்திரமானது.

நான் சைக்கிள் சக்கரங்களைச் செப்பனிட்டுப் பிழைக்கிறவன். தொழில் கற்றது திருநெல்வேலியில், கனத்த கறுப்புச் சைக்கிள்கள் மட்டுமே வந்த ஒரு கடையில். இப்போது இருப்பது கோயம்புத்தூரில், விடியற்காலையில் நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு அலுவலகம் போகிறவர்களின் பந்தய ரகச் சைக்கிள்கள் வரும் பட்டறையில். இரண்டுக்கும் இடையில் விலையில் நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். சக்கரத்தின் பிரச்னை ஒன்றுதான்.

அதே அதிகாரத்தில் நடுநிலைக்கு வள்ளுவர் காட்டும் உருவகம் துலாக்கோல். எனக்கு அந்த உருவகத்தோடு சண்டை உண்டு. துலாக்கோல், தான் எடை போடும் பொருள்களில் ஒன்றல்ல. அது மேலே இருக்கிறது. பொருள்கள் கீழே தட்டுகளில் கிடக்கின்றன. தட்டுகளில் ஒன்றுமே இல்லாதபோதும் அது நேராக நிற்கும். சொல்லப்போனால் ஒன்றுமே இல்லாதபோதுதான் கொஞ்சமும் ஆடாமல் நிற்கும். நடுநிலை என்று சொன்னதும் நம் மனசில் வருவது இந்த வெறுந்தட்டுத் தராசின் அமைதிதான். எந்தப் பக்கமும் இழுக்காதவன், எதிலும் பற்றில்லாதவன், ஆகவே நியாயமானவன். சைக்கிள் சக்கரம் இந்த 'ஆகவே'யை ஏற்பதில்லை.

மாட்டு வண்டிச் சக்கரத்தையும் சைக்கிள் சக்கரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டு வண்டியில் குடம், ஆரக்கால், வட்டை. பாரம் குடத்தில் இறங்குகிறது. அந்தந்தக் கணத்தில் தரையைப் பார்த்து நிற்கும் ஆரக்கால் தூண் மாதிரி அதைத் தாங்குகிறது. மற்ற கால்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. இது ராஜாங்கத்தின் ஒழுங்கு. சைக்கிளில், கடையில் போக்ஸ் கம்பி என்று சொல்கிற கம்பி இரண்டு மில்லிமீட்டர் கனம். அதைத் தனியாக எடுத்துத் தரையில் ஊன்றி மேலிருந்து ஒரு கையால் அழுத்தினால் வளைந்துவிடும். தூணாக நிற்கும் லாயக்கு அதற்கு இல்லை. இழுக்க மட்டுமே தெரியும். இழுக்க மட்டும் தெரிந்த ஒரு பொருளைக் கொண்டு பாரத்தைத் தாங்க வைக்கலாம் என்ற யோசனை ஜார்ஜ் கேலியின் 1808ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் பறக்கும் இயந்திரத்துக்கு லேசான சக்கரம் தேடிக்கொண்டிருந்தார். 1869இல் பாரிஸில் யூஜீன் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை நடுவிலிருந்து நேராக நீட்டாமல், ஹப்பின் ஓரத்திலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி கோர்த்தார். இன்றைக்கும் கோர்ப்பது அப்படித்தான்.

முப்பத்திரண்டு கம்பி உள்ள ஒரு முன்சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமார் நூறு கிலோ விசையோடு ரிம்மை உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. கூட்டினால் மூன்று டன்னுக்கு மேல். ஒரு கிலோ எடைகூட இல்லாத பொருளுக்குள் இது நடக்கிறது. சுவரில் சாய்த்து வைத்திருக்கும்போதும், யாரும் ஏறி உட்காராதபோதும். பாதிக் கம்பிகள் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்தும் பாதி வலப்பக்கத்திலிருந்தும் இழுக்கின்றன. ரிம் நேராக இருக்கிறதென்றால் அதை யாரும் இழுக்கவில்லை என்று அர்த்தமில்லை. எல்லோரும் முழுப் பலத்தோடு இழுக்கிறார்கள், ஒருவர் இழுப்பை இன்னொருவர் ஈடுகட்டுகிறார் என்றுதான் அர்த்தம். இழுப்பை எல்லாம் அவிழ்த்துவிட்டால் கிடைப்பது நேர்மையல்ல. ஒரு ரிம், ஒரு ஹப், ஒரு கட்டுக் கம்பி.

பாரம் ஏறும்போது என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரஸ்யமானது. ஹப் மேற்கம்பிகளிலிருந்து தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், சைக்கிள் சக்கரத்தைப் பற்றி 1981இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். ஆள் ஏறி உட்கார்ந்தால் மேற்கம்பிகளின் இழுவிசை ஏறக்குறைய மாறுவதில்லை. தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுவிசை மட்டும் குறிப்பிடும்படி குறைகிறது. ஆகவே சக்கரம் கீழ்க்கம்பிகளின் மேல் நிற்கிறது என்றார். கம்பி எப்படி நிற்கும் என்று கேட்டு அவரோடு சண்டை போட்டவர்கள் ஏராளம். சொல்லுக்காக நடந்த சண்டை என்று எனக்குப் படுகிறது. விஷயம் எளியது. தள்ளத் தெரியாத கம்பி பாரம் தாங்குகிறதென்றால், இழப்பதற்கு அதனிடம் ஏற்கெனவே இழுவிசை இருக்கிறது. நூறு கிலோவில் நாற்பதைக் கொடுத்துவிட்டு மீதி அறுபதோடு தன் இடத்தில் நின்றுகொள்கிறது. கையில் பத்து கிலோ மட்டும் வைத்திருக்கும் கம்பி முதல் பள்ளத்திலேயே திவாலாகிவிடும்.

இதனால்தான், இறுக்கமான கம்பி அறும், தளர்ந்த கம்பி தப்பிக்கும் என்ற பொது நம்பிக்கை தப்பு. பந்தயச் சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது. கிலோமீட்டருக்கு நானூற்று எழுபத்தாறு சுற்று. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை அடியோடு தொய்ந்து மறுபடி விறைக்கிறது. அதன் தலை வளைவு ஹப் துளைக்குள் அசைந்துகொண்டே இருக்கிறது. பிடிப்பு இல்லாததால் நிப்பிள் தானே திருகிக்கொண்டு இன்னும் கழலும். அது கொடுக்கத் தவறிய இழுப்பைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. ஒருநாள் தலை வளைவில் அறும். சில சமயம் அறுவது பக்கத்துக் கம்பி.

நம் சிற்றேட்டுலகில் 'எந்தக் கோஷ்டியிலும் சேராதவர்' என்று ஒரு பட்டம் உண்டு. பெரும்பாலும் அதை வாங்கியவர் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதவராக இருப்பார். அவர் நடுவில் நிற்கவில்லை. தொய்ந்திருக்கிறார். தன் பார்வையை முழுப் பலத்தோடு இழுக்கிற விமர்சகனால் ஒரு சூழல் கோணிப்போய்விட்டது என்று குற்றம் சாட்டும்போது, எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்றும் கேட்க வேண்டும். அவற்றை யாராவது அறுத்துவிட்டார்களா, அல்லது அவை தாமே கழன்று தங்கள் சௌகரியத்தில் இருந்தனவா? அறுத்திருந்தால் அது வேறு விஷயம். அதற்கு வேறு பெயர் உண்டு.

ஆனால் இந்த உருவகத்தை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் கோணும். ஒரு கம்பிக்குச் சக்கரம் தெரியாது. நேராக இருக்கிறதா என்று பார்ப்பது கம்பியின் வேலை அல்ல. பார்ப்பதற்கு நிப்பிள் சாவியோடு ஒருவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். சமூகத்துக்கு அப்படி ஒருவன் வெளியே இல்லை. இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களின் சரித்திரம் நமக்குத் தெரியும். ஆகவே கம்பிகளை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அந்தச் சாவிக்காரனிடம் வருகிறேன். அவனுக்கென்று ஒரு நேர்மைப் பிரச்னை இருக்கிறது.

கோட்டம் எடுப்பது இப்படி. சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுற்றிவிட வேண்டும். பழைய கடையில் தாங்கி கிடையாது. ஒரு முன்போர்க்கைத் தலைகீழாக மேஜையில் முடுக்கி வைத்திருந்தோம். ஒரு சாக்குக்கட்டியை ரிம்மை ஒட்டிப் பிடித்தால் எங்கே தட்டுகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். ரிம் இடப்பக்கம் போயிருந்தால் அந்த இடத்து வலக்கம்பிகளைக் கொஞ்சம் முடுக்கி, இடக்கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ரிம் அங்கே உள்ளே இறங்கும், அல்லது மேலே தூக்கும். நிப்பிளின் ஒரு முழுச் சுற்று அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாம் கொடுப்பது கால் சுற்று, அதிலும் பாதி. கொடுத்ததும் கம்பி முறுக்கேறி நிற்கும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பித் திரும்ப விட வேண்டும். பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் அடக்கி நெரிக்க வேண்டும். அப்போது சக்கரம் நெட்டி முறிப்பது போல் ஒரு சத்தம் போடும். மறுபடி சுற்றிப் பார்த்தால் புதிதாக வேறொரு இடத்தில் கோடு விழும்.

இதற்குச் சுருக்கு வழி உண்டு. வெள்ளைக் கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து ஒற்றைக் கம்பியை மட்டும் பிடித்து, ரிம் வரும் வரைக்கும் முடுக்குவது. வந்துவிடும். பத்து நிமிஷத்தில் சக்கரம் கண்ணுக்குக் கத்தி மாதிரி ஓடும். ஆனால் அந்தக் கம்பியில் நூற்றைம்பது கிலோ, பக்கத்தில் இரண்டில் ஐம்பது. கண் இதைப் பார்க்காது. காது பார்க்கும். கம்பிகளை வரிசையாகச் சுண்டிக்கொண்டு போனால் ஒன்று கீச்சென்று, அடுத்தது மந்தமாக, அடுத்தது செத்த ஒலியாக வரும். வெளியே செப்பம், உள்ளே கோட்டம். வள்ளுவர் இரண்டையும் பிரித்ததன் அர்த்தம் எனக்கு உரையாசிரியர்களிடம் விளங்கவில்லை. இங்கேதான் விளங்கியது. ஆனால் உள்ளே கோட்டம் இல்லாவிட்டால்தான் வெளியே செப்பம் வரும் என்று அவர் சொல்வதைத்தான் பட்டறை பொய்யாக்குகிறது. உட்கோட்டத்தை வைத்துக்கொண்டே வெளியே செப்பமாக ஓடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி சங்கீதம் கேட்டவரல்ல. ஆனால் சக்கரத்தை முழங்கால்மேல் போட்டுக்கொண்டு நகத்தால் ஒரு சுற்றுச் சுண்டுவார். ஒரு பால்காரர், பின்சக்கரம் கோணி வந்தார். கேரியரின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும் சைக்கிள், நாற்பது கம்பிச் சக்கரம்.

"அண்ணாச்சி, மட்கார்டுல உரசாம ஓடுனாப் போதும். சாயங்காலக் கறவைக்குப் போவணும்."

"ஓடும் தம்பி. எத்தனை நாளைக்குன்னுதான் சொல்ல முடியாது."

"திரும்பக் கோணுனா திரும்ப வாரேன்."

"வருவே. கேனையும் சுமந்துக்கிட்டு நடந்து வருவே."

சக்கரத்தைக் கொடுக்கவில்லை. கடையின் வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மறுநாள் காலைதான் கொடுத்தார். கூலி, கோட்டம் எடுக்கிற வழக்கமான கூலி.

இதை ஒரு நல்ல மனிதரின் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படிச் சொன்னால் அவரே எரிச்சல்படுவார். எனக்கு இதில் இருப்பது கேள்வி. பால்காரர் தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அதைச் செய்யாமல் வேறொன்றைச் செய்ய அண்ணாச்சிக்கு என்ன அதிகாரம்? வாங்குகிறவன் கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபார தர்மம்?

முதல் பகுதிக்குப் பதில் சொல்வது கஷ்டமில்லை. சக்கரம் நேராக வேண்டும் என்று ஒருவன் கேட்கும்போது அவன் நேரான தோற்றத்தைக் கேட்கவில்லை. தோற்றம் அவனுக்கு ஒரு அடையாளம். அதன் பின்னால் பொருள் இருக்கிறது என்று நம்பிக் கேட்கிறான். அடையாளத்தை மட்டும் செய்து கொடுத்துவிட்டு, 'நேராத்தானே ஓடுது?' என்று சொல்கிறவன் சொன்ன வாக்கியத்தில் பொய் இல்லை. பொய் சக்கரத்தில் இருக்கிறது. சொல்லில் கோட்டமே இல்லாமல் ஒரு பொய்யைச் செய்ய முடியும் என்பதைக் கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். எழுத்துத் தொழிலிலும் இது நடப்பதுண்டு. ஒவ்வொரு வாக்கியமும் செம்மையாக, இறுதிப் பிரதி சுத்தமாக, உள்ளே ஒரு கம்பிகூட இன்னொன்றோடு ஒலிக்காமல்.

இரண்டாவது பகுதிதான் கஷ்டம். அண்ணாச்சி உள்ளதைச் சொல்லிவிட்டார். பால்காரர் கேட்டுக்கொண்ட பிறகும் சுருக்கு வழியே போதும் என்றார். இப்போது அதைச் செய்து கொடுத்தால் பொய் இல்லை. பின் ஏன் மறுப்பது? தொழில் கர்வம் என்று சொல்லலாம். கர்வத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். கம்பிகளின் சம இழுப்பை யாரும் வந்து பார்த்து மெச்சப் போவதில்லை. பால்காரருக்கு அது கேட்காது. அடுத்த கடைக்காரன் சுண்டிப் பார்ப்பான் என்பது நிச்சயமில்லை. சாட்சியில்லாத கர்வத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும். நான் சிரத்தை என்று சொல்வேன். அது ஆளுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. தன்னோடு பேசிக்கொள்ளும் பேச்சும் அல்ல. அந்தப் பொருள் எதற்காக இருக்கிறதோ அதற்குக் கொடுக்கும் மரியாதை. சக்கரம் பாரத்தோடு ஓடுவதற்காக இருக்கிறது. பாரத்தோடு ஓடாது என்று தெரிந்த ஒன்றைச் சக்கரம் என்று பெயர் சொல்லிக் கொடுக்க முடியாது என்று அவர் நினைத்தார் போலும். பால்காரருடைய சம்மதம் பால்காரரைக் கட்டுப்படுத்தும், சக்கரத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கடையில் வாடகைக்கு விட ஒரு சைக்கிள் சும்மா இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அது இல்லாமல் மறுத்திருந்தால் அவருடைய சிரத்தைக்கு விலை கொடுத்தது பால்காரராக இருந்திருப்பார். மற்றவர்கள் செலவில் சிரத்தையாக இருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இதற்காக உட்கோட்டம் துளியும் இல்லாத சக்கரம் ஒன்று உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளத்தில் விழுந்து ரிம்மே வளைந்திருந்தால் சம இழுப்புக் கொடுத்தால் சக்கரம் கோணும். நேராக்க வேண்டுமானால் இழுப்பைச் சமமில்லாமல் ஆக்கியாக வேண்டும். இரண்டில் ஒன்று. கம்பிகளைத் தளர்த்தி, ரிம்மை முழங்காலில் கொடுத்து எதிர்ப்பக்கம் வளைத்துப் பார்ப்போம். முக்கால்வாசி வரும். மீதிக் கால்வாசியைக் கம்பிகள் சுமக்கும். இன்று இழுவிசையை அளக்கக் கருவி இருக்கிறது. ஒரு பக்கத்துக் கம்பிகள் அந்தப் பக்கத்துச் சராசரியிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது வழக்கில் இருக்கும் அளவு. ஐந்தில் ஒரு பங்கு என்பது சின்ன விஷயமல்ல. அதற்குள் அடங்காவிட்டால் ரிம்மை மாற்றச் சொல்லிவிட வேண்டும். ஹப்பிலும் இப்படித்தான். சக்கரத்தை நெம்புகோலால் பூட்டும் பந்தயச் சைக்கிளில் கோனை மேஜையில் வைத்துத் துளி ஆட்டமும் இல்லாமல் முடுக்கினால், வண்டியில் பூட்டியதும் ஆக்ஸில் நெரிந்து பால்ரஸ் இறுகிப்போகும். கையில் கொஞ்சம் ஆடினால்தான் வண்டியில் சரியாக இருக்கும். மேஜைமேல் பூரணமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சமம் என்ற சொல்லையும் பின்சக்கரம் விட்டுவைப்பதில்லை. பின்சக்கரத்தின் வலப்பக்கம் பற்சக்கரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பந்தயச் சைக்கிளில் ஐந்து ஆறு என்றிருந்தது ஏறி ஏறிப் பத்துக்கு மேல் போய்விட்டது. அவற்றுக்கு இடம் விட்டு ஹப்பின் வலது ஓரம் உள்ளே தள்ளிப்போகிறது. வலக்கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கின்றன, இடக்கம்பிகள் நன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. சாய்ந்து நிற்கிறவனுடைய இழுப்பில் பக்கவாட்டுப் பங்கு அதிகம். ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலக்கம்பிகள் இடக்கம்பிகளைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைய இழுக்க வேண்டும். சுண்டிப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஷட்ஜத்துக்கும் மத்யமத்துக்கும் உள்ள தூரம். இங்கே சமமாக முடுக்குகிறவன் கோட்டத்தை உண்டாக்குகிறான். நடுவு என்பதும் சமம் என்பதும் வேறு வேறு என்று எனக்குப் புத்தகம் சொல்லவில்லை. இந்த ஹப் சொன்னது. யார் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு சாய்வில் நின்று இழுக்கிறார்கள் என்று பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே அளவு கேட்பது, தராசு பிடிக்கிறவர்களுக்கு எப்போதும் வரும் ஆசை.

இதிலும் நியாயம் முடிந்துவிடவில்லை. இடக்கம்பிகள் பாதி இழுப்போடு நிற்பதால் அவைதான் தொய்யும், அவைதான் கழலும். கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடப்பக்கத்துக் கம்பிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். வலம் பதினான்கு, இடம் ஏழு. ஏழு பேர் பதினான்கு பேரின் வேலையைச் செய்வதால் ஒவ்வொருவரும் வலப்பக்கத்துக் கம்பி அளவுக்கு விறைப்பாக இருக்கிறார்கள். கணக்கு அழகாக முடிகிறது. இத்தாலியச் சக்கரங்களில் இதைப் பார்க்கலாம். சுண்டினால் இரண்டு பக்கமும் அநேகமாக ஒரே ஸ்வரம். இந்தச் சக்கரங்களில் கோட்டம் எடுக்க வேண்டிய வேலை அபூர்வமாகத்தான் வருகிறது. ஆனால் அந்த ஏழில் ஒன்று அறுந்தால் அதன் இழுப்பை எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. ரிம் அந்த இடத்திலேயே ஒதுங்கிப் பிரேக் கட்டையில் சிக்கிக்கொள்ளும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான். நாற்பது கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால், அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, பால் ஊற்றுகிற வீடுகளுக்கெல்லாம் ஊற்றி முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வருவார்கள்.